சூயிங்கம்முக்கு 1974, மருந்துக்கு 2004: மருத்துவத்தில் தொழில்நுட்பம் ஏன் இத்தனை மெதுவாக நுழைகிறது?

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்ற சிறிய ஊர். அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை எடுத்து ஸ்கேனர் மீது நகர்த்தினார். இன்று எந்தப் பொருளைத் திருப்பிப் பார்த்தாலும் கண்ணில் படுகிற அந்தக் கோடு போட்ட கட்டத்தை, அதாவது பார்கோடை, ஸ்கேன் செய்து விற்ற முதல் பொருள் அதுதான்.

அதே நாட்டில், மருத்துவமனைகளில் பயன்படும் மருந்துகளில் பார்கோடு இருந்தே ஆக வேண்டும் என்று உணவு, மருந்து நிர்வாகம் விதி போட்டது 2004இல். நடுவே 30 வருடங்கள். அத்தனை காலமும் கடையில் சூயிங்கம் யாரென்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருந்தது. வார்டில் நோயாளியின் ரத்தத்துக்குள் ஏறப்போகும் மருந்து எது என்பதை ஒரு செவிலியரின் கண்ணும் ஞாபகமும்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மருத்துவத்தில் தொழில்நுட்பம் மெதுவாக வருகிறது என்று பலரும் சொல்லிக் கேட்டிருப்போம். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "டாக்டர்கள் மாற மாட்டார்கள்." அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அது சோம்பேறித்தனமான பதில். அந்த 30 வருடத்துக்குள் என்னதான் நடந்தது என்று பார்த்தாலே விஷயம் வேறு மாதிரி தெரியும்.

வாடகைக் காரில் வந்த யோசனை

செவிலியர் பயிற்சியில் முதலில் மனப்பாடம் செய்ய வைப்பது ஐந்து 'சரி'களை. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கேட்க எளிதாக இருக்கும். இருபது பேர் படுத்திருக்கும் வார்டில், ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு நோயாளிகள், ஒரே அளவில் ஒரே நிற மூடியோடு இரண்டு மருந்துக் குப்பிகள், விடிய விடிய வேலை செய்த ஒரு செவிலியர். இப்போது அந்த ஐந்து சரிகளையும் ஒரு ராத்திரிக்கு நூறு தடவை பிசகாமல் செய்ய வேண்டும்.

1992இல் கன்சாஸ் மாநிலத்தின் டோபீகா நகரில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த சூ கின்னிக் என்ற செவிலியர் ஒரு வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அங்கே இருந்த ஊழியர் கையடக்கக் கருவியால் காரில் ஒட்டியிருந்த பார்கோடை ஸ்கேன் செய்தார், கணக்கு முடிந்தது. காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் செய்யலாமே என்று கின்னிக்குக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு பார்கோடு, மருந்தில் ஒரு பார்கோடு. இரண்டையும் ஸ்கேன் செய்தால், டாக்டர் எழுதியதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அவருடைய மருத்துவமனை அதைச் செய்து பார்த்தது. 2000 வாக்கில் நாடு முழுவதும் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளுக்கு அந்த முறை பரவியது. கின்னிக் அதைப் பார்க்கவில்லை. 1994இல் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார்.

இந்த முறை உண்மையிலேயே உதவுகிறதா? உதவுகிறது. பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நேரம் தவறுவதை விட்டுவிட்டுப் பார்த்தால், மருந்து கொடுக்கும்போது நேரும் மற்ற பிழைகள் சுமார் 41 சதவீதம் குறைந்திருந்தன.

சரி, கருவி இருக்கிறது, பலனும் இருக்கிறது. அப்புறம் ஏன் தாமதம்?

வார்டில் அதைப் பொருத்திப் பார்த்தால் புரியும். மருந்துக் கம்பெனி பார்கோடை அச்சடித்திருப்பது பெரிய பெட்டியின் மேல். செவிலியரின் கையில் இருப்பது பட்டையிலிருந்து வெட்டி எடுத்த ஒற்றை மாத்திரை. அதில் கோடு இல்லை. அப்படியானால் மருத்துவமனையின் மருந்தகம் ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, பார்கோடு ஒட்ட வேண்டும். அதற்கு ஆள், இயந்திரம், இடம் எல்லாம் வேண்டும். அடுத்து, ஸ்கேன் செய்ததை எதோடு ஒப்பிடுவது? டாக்டர் எழுதிய மருந்து கம்ப்யூட்டருக்குள் இருக்க வேண்டும். அவர் இன்னும் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தால் ஸ்கேனர் வெறும் விளக்கு. கம்ப்யூட்டர் வைத்த தள்ளுவண்டியின் பேட்டரி பாதிச் சுற்றில் தீர்ந்துபோகக் கூடாது. கடைசிக் கட்டில் வரை வைஃபை எட்ட வேண்டும். கைப்பட்டை நனைந்து, கசங்கி, கோடு அழிந்துபோகக் கூடாது.

அதாவது, விலை குறைவான ஒரு ஸ்கேனரை வாங்கினால் அது தன்னோடு ஐந்து விலை கூடிய உறவினர்களையும் அழைத்துவருகிறது.

இதில் ஒன்று சொதப்பினாலும் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு சாட்சி. பார்கோடு முறை அமலில் இருந்த மருத்துவமனைகளில், அந்த முறையைச் சுற்றிக்கொண்டு போகச் செவிலியர்கள் கண்டுபிடித்திருந்த குறுக்குவழிகளை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். 15 வகைக் குறுக்குவழிகள், அவற்றுக்கு 31 வகைக் காரணங்கள். நோயாளியின் பார்கோடுக்கு நகல் எடுத்து அறைக்கதவின் நிலையில் ஒட்டியிருந்தார்கள், தள்ளுவண்டியில் ஒட்டியிருந்தார்கள், சிலர் இடுப்பு வளையத்தில் கோர்த்து வைத்திருந்தார்கள். தூங்குகிறவரை எழுப்பாமல், நனைந்த கைப்பட்டையோடு மல்லுக்கட்டாமல், கதவில் இருப்பதை ஸ்கேன் செய்துவிட்டுப் போகலாம். கம்ப்யூட்டரின் கணக்கில் எல்லாம் சரி. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் அவர்தானா என்று யாரும் பார்க்கவில்லை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை முடித்தாக வேண்டிய ஒருவர், வேலைக்குப் பொருந்தாத கருவியைத் தனக்குப் பொருந்தும்படி வளைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும். ஒரு கருவியை வாங்குவது வேறு, அதை ஏற்றுக்கொள்வது வேறு. வாங்குவதற்குக் கையெழுத்து போதும். ஏற்றுக்கொள்வது என்றால், அந்த இடத்தில் யார் எதை எப்போது செய்வது என்ற வேலை ஒழுங்கே மாற வேண்டும். மருத்துவத்தில் தாமதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சுமை யாருக்கு, பலன் யாருக்கு?

மருத்துவம் எதையுமே வேகமாக ஏற்றுக்கொள்ளாது என்று நினைத்தால், எக்ஸ்ரேயைப் பாருங்கள். வில்ஹெல்ம் ரான்ட்கன் அந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8இல். கட்டுரையை அச்சுக்குக் கொடுத்தது டிசம்பர் இறுதியில். அடுத்த சில வாரங்களிலேயே, 1896இன் தொடக்கத்தில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாக்டர்கள் உடைந்த எலும்பையும் உடலுக்குள் புதைந்த தோட்டாவையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். குழு கூடவில்லை, பயிற்சி முகாம் நடக்கவில்லை.

இதற்கு நேர் எதிர், அரை நூற்றாண்டுக்கு முன்னால் வியன்னாவில் நடந்தது. அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் இருந்த பிரிவில்தான் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் அதிகம் இறந்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் ஊகித்தார். 1847 மே மாதத்தில், குளோரின் கலந்த கரைசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் சுமார் 2 சதவீதமாக இறங்கியது. இவ்வளவு தெளிவான எண் கையில் இருந்தும் அவருடைய காலத்து மருத்துவ உலகம் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் அவர் இறந்தார்.

கிருமிகளைப் பற்றிய கோட்பாடு அப்போது உறுதிப்படவில்லை என்பது ஒரு காரணம். தன் கண்டுபிடிப்பை அவர் ஒழுங்காக எழுதி வெளியிட்டதே 1861இல்தான் என்பது இன்னொன்று. இவற்றுக்கு அடியில் வேறொரு கணக்கும் இருக்கிறது. எக்ஸ்ரேயில் உழைப்பதும் டாக்டர், பலன் பார்ப்பதும் டாக்டர். அதுவும் அன்றைக்கே, கண்ணெதிரே. கை கழுவுவதில் தோல் எரிவது டாக்டருக்கு, பிழைப்பது நோயாளி. அந்தப் பிழைப்பும் கண்ணுக்குத் தெரியாது. வந்த காய்ச்சலைப் பார்க்கலாம், வராத காய்ச்சலை யாரால் பார்க்க முடியும்? போதாக்குறைக்கு, இதை ஒப்புக்கொண்டால் இத்தனை நாள் செத்தவர்கள் என் கையால் செத்தார்கள் என்றும் ஒப்புக்கொண்டாக வேண்டும். எண்ணைப் பார்த்து யார் மனம் மாறும்?

இந்தக் கணக்கை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். சுமை யார் தலையில், பலன் யார் மடியில்? இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் புதுக் கருவி தானாக நடக்கும். வேறு வேறு ஆளாக இருந்தால் யாராவது பிடித்துத் தள்ள வேண்டும்.

மின்னணு மருத்துவப் பதிவேடு இரண்டாவது வகை. நோயாளியின் வரலாறு, மருந்து, பரிசோதனை முடிவு எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தால் அடுத்து பார்க்கும் டாக்டருக்கு நல்லது, காப்பீட்டு நிறுவனத்துக்கு நல்லது, ஆராய்ச்சியாளருக்கு நல்லது. தட்டச்சு செய்வது மட்டும் இப்போது எதிரில் இருக்கும் டாக்டர். 2016இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு கடிகாரத்தோடு டாக்டர்களின் பக்கத்தில் நின்று பார்த்தது. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு ஒரு மணி நேரத்துக்கும், பதிவேடும் மேசை வேலையும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்தை விழுங்கின. அதற்கு முன்பே, 2003 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய மருத்துவமனை கம்ப்யூட்டரில் மருந்து எழுதும் முறையைக் கொண்டுவந்த சில மாதங்களிலேயே நிறுத்தி வைத்தது. டாக்டர்கள் கூட்டாக எதிர்த்தார்கள்; ஒரு மருந்து எழுத முன்னைவிட மிக அதிக நேரம் ஆகிறது என்பதுதான் அவர்களுடைய முக்கியக் குறை.

பிறகு அதே நாட்டில் என்ன மாறியது? பணம். 2009இல் வந்த ஒரு சட்டத்தின் கீழ், மின்னணுப் பதிவேட்டை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவமனைகளுக்கும் டாக்டர்களுக்கும் அரசு பல ஆயிரம் கோடி டாலர்களை ஊக்கத்தொகையாகக் கொடுத்தது. பயன்படுத்தாதவர்களுக்குப் பின்னால் பிடித்தம் வரும் என்றும் சொன்னது. 2008இல் அடிப்படையான பதிவேட்டு அமைப்பாவது வைத்திருந்த மருத்துவமனைகள் பத்தில் ஒன்றுகூட இல்லை. 2015க்குள் சான்று பெற்ற அமைப்பு 96 சதவீத மருத்துவமனைகளில் இருந்தது. டாக்டர்களின் மனம் ஏழு வருடத்தில் அப்படித் தலைகீழாக மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. சுமையைச் சுமக்க யாரோ கூலி கொடுத்தார்கள்.

ஆனால் பணம் கண்ணை மூடிக்கொண்டும் தள்ளும். மார்பகப் புற்றுநோய்க்காக எடுக்கும் மேமோகிராம் படங்களில் சந்தேகமான இடங்களைச் சுட்டிக்காட்டும் ஒரு கம்ப்யூட்டர் நிரலுக்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில வருடங்களில் அரசுக் காப்பீடு அதற்குத் தனிக் கட்டணம் தரத் தொடங்கியது. நிரல் மளமளவென்று பரவி, பெரும்பாலான மேமோகிராம்களில் ஓட ஆரம்பித்தது. 2015இல் லட்சக்கணக்கான படங்களை வைத்துச் செய்த ஆய்வு, அந்த நிரலோடு படித்தாலும் இல்லாமல் படித்தாலும் துல்லியத்தில் முன்னேற்றம் இல்லை என்று சொன்னது. மெதுவாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்க வைக்கும் வேகம்.

ஒரே மென்பொருள், இரண்டு மருத்துவமனைகள்

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் கதை. அங்கே கம்ப்யூட்டரில் மருந்து எழுதும் முறையை 2002இல் மிக வேகமாக, ஒரு வாரத்துக்குள் மருத்துவமனை முழுக்கக் கொண்டுவந்தார்கள். நோக்கம் நல்லது. கையெழுத்து புரியாமல் நேரும் பிழைகளைக் குறைப்பது. அங்கிருந்த டாக்டர்களே பிறகு கணக்குப் பார்த்து 2005இல் வெளியிட்டார்கள். வேறு இடங்களிலிருந்து அவசரமாக அனுப்பப்பட்டு அங்கே சேர்ந்த குழந்தைகளில் இறப்பு 2.80 சதவீதமாக இருந்தது. புது முறை வந்த பின்னான ஐந்து மாதங்களில் 6.57 சதவீதமாகியிருந்தது.

எப்படி? முன்பெல்லாம் குழந்தை வந்துகொண்டிருக்கும்போதே, வந்ததும் கொடுக்க வேண்டிய மருந்துகளை எழுதித் தயாராக வைத்திருப்பார்கள். புது மென்பொருளில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவாகும் வரை எதையும் எழுத முடியாது. ஒரு மருந்தை எழுதப் பல கிளிக்குகள். கட்டிலருகே நின்றிருந்தவர்களில் ஒருவர் கம்ப்யூட்டருக்கே போய்விட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மைய மருந்தகத்துக்குப் போயின. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். உயிருக்குப் போராடும் குழந்தைக்கு அந்த நிமிடங்கள் சின்னவை அல்ல.

இது முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்த ஒப்பீடு மட்டுமே, மென்பொருள்தான் காரணம் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது என்று சிலர் சொன்னார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அதே மென்பொருளை சியாட்டிலில் இன்னொரு குழந்தைகள் மருத்துவமனை போட்டது. அவசர நோயாளிக்கான மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே தயாரித்து வைத்து, வேலை செய்யும் முறையையும் யோசித்துத் தொடங்கினார்கள். அங்கே இறப்பு கூடவில்லை. ஆகவே "இந்த மென்பொருள் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எங்கே, யார், எப்படி மாற்றி வைத்தார்கள் என்றுதான் கேட்க முடியும்.

தாமதத்திலும் நல்லது உண்டு

சில தாமதங்கள் வேண்டுமென்றே போட்டவை. அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விபத்து இருக்கும்.

1985 முதல் 1987 வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்குத் தர வேண்டியதைவிடப் பல மடங்கு கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். அதற்கு முந்தைய மாடல்களில், தவறான நிலையில் கதிர் பாயாமல் தடுக்க வன்பொருளிலேயே தடுப்புகள் இருந்தன. புதிய மாடலில் அந்த வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். இயக்குபவர் ஒரு தகவலைத் தவறாக அடித்து, சட்டென்று திருத்தினால், திரையில் திருத்தம் தெரியும். இயந்திரத்தின் உள்ளே பழைய நிலையே இருக்கும். திரையில் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு எண் 54) என்று மட்டும் வரும். அந்த இயந்திரம் அடிக்கடி ஏதாவது எண்ணைக் காட்டுவது வழக்கம் என்பதால், இயக்குபவர் ஒரு பட்டனை அழுத்தித் தொடர்வதும் வழக்கமாகியிருந்தது.

வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர் கையில்தான் அந்தப் பிழை வெளிப்பட்டது என்பதுதான் கொடுமை. சோதித்தபோது யாரும் அத்தனை வேகமாக அடிக்கவில்லை.

ஒரு செல்பேசிச் செயலியைப் பாதி வெந்த நிலையில் வெளியிட்டு, குறை வரவரத் திருத்தலாம். கதிர் பாய்ச்சும் இயந்திரத்தில் முடியாது. அதனால்தான் மருத்துவக் கருவிகளுக்குச் சோதனை, சான்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி சோதனை என்று விதிகள் வந்தன. இந்த நல்ல விதிகளே வேறொரு பக்கம் சிக்கலையும் தருகின்றன. சான்று வாங்கிய நிலையிலேயே கருவியை வைத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையில், மருத்துவமனைகளில் பழைய இயங்குதளங்கள் வருடக்கணக்கில் ஓடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது, இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பில் 236 நிர்வாக அலகுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலும் பழசாகிப்போன இயங்குதளம் கூடக் காரணமில்லை; வந்திருந்த பாதுகாப்புத் திருத்தத்தைப் போடாமல் விட்ட சாதாரண கம்ப்யூட்டர்கள். எச்சரிக்கையான தாமதமும் அலட்சியமான தாமதமும் வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

ஆராய்ச்சியில் உறுதியான ஒரு விஷயம் அன்றாட சிகிச்சைக்கு வந்துசேரச் சராசரியாக 17 வருடம் ஆகிறது என்று ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படும். 2000இல் இரண்டு ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு அது. அதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்த 17இல் எத்தனை வருடம் சோதனைக்காகப் போனது, எத்தனை வருடம் சும்மா போனது என்பதை அந்த எண் சொல்வதில்லை. திட்ட வேண்டியது இரண்டாவதை மட்டும்தான்.

ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாவிட்டால்

ஒரு மருத்துவமனையில் எடுத்த சி.டி. ஸ்கேன் படத்தை இன்னொரு மருத்துவமனையின் கம்ப்யூட்டரில் திறக்க முடிகிறது. டைகாம் என்ற பொதுத் தரநிலைதான் அதற்குக் காரணம். 1985இல் அதன் முதல் வடிவம் வந்தது, 1993இல் இன்றைய பெயர் கிடைத்தது. ஆனால் அதே நோயாளியின் மற்ற வரலாறு அவ்வளவு எளிதாக இடம் மாறுவதில்லை. படம் என்பது புள்ளிகளும் எண்களும். வரலாறு என்பது மனிதர்கள் எழுதியது. ஓரிடத்தில் ரத்தச் சர்க்கரை 100 என்றிருக்கும், மில்லிகிராம் கணக்கில். இன்னோரிடத்தில் அதே சர்க்கரை 5.6, மில்லிமோல் கணக்கில். ஒருவர் மாரடைப்பு என்று எழுதியதை இன்னொருவர் சுருக்கக் குறியில் எழுதியிருப்பார். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஹெச்.எல்.7 என்ற அமைப்பு 1987இலிருந்து தரநிலைகளை எழுதி வருகிறது. தரநிலைகள் இருந்தும், மென்பொருள் விற்கும் நிறுவனத்துக்குத் தன் வாடிக்கையாளர் எளிதாக வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடக் கூடாது என்ற ஆசை இருக்குமல்லவா? தகவல் நகராமல் இருப்பதில் யாருக்கோ லாபம் இருக்கிறது.

ஃபேக்ஸ் ஏன் சாகவில்லை என்பதற்கும் இதுவே விடை. 2018இல் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் கிட்டத்தட்ட 9,000 ஃபேக்ஸ் இயந்திரங்கள் இருப்பதாக எண்ணிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஃபேக்ஸிடம் ஒரு நல்ல குணம் உண்டு. எதிர்ப்பக்கம் எந்த மென்பொருள் இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

தொலைமருத்துவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, 2020 எல்லாவற்றையும் காட்டிவிட்டது. வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் வசதி பல வருடங்களாக இருந்தது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு சில இடங்களைத் தவிர அதற்குப் பணம் தரவில்லை. கொரோனா வந்ததும் விதியைத் தளர்த்தினார்கள். அந்தக் காப்பீட்டின் கீழ் நடந்த முதல்நிலை மருத்துவச் சந்திப்புகளில் பிப்ரவரியில் வெறும் 0.1 சதவீதம்தான் தொலைவழியில் நடந்தது, ஏப்ரலில் 43.5 சதவீதம். கேமராவும் இணையமும் இரண்டு மாதத்தில் புதிதாகப் பிறக்கவில்லை.

இப்போது வரிசையில் நிற்பது செயற்கை நுண்ணறிவு

அதற்கும் இதே வாசல்தான். தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறிப் போராடி தன் உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸ் என்ற ஆபத்தான நிலையை முன்கூட்டியே கணிக்கும் ஒரு நிரல், பதிவேட்டு மென்பொருளோடு சேர்ந்தே வந்ததால், அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் மருத்துவமனையில் அதைத் தனியாகச் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. ஆனால் எச்சரிக்கைகளுக்கு மட்டும் குறைவில்லை. டாக்டர்கள் ஏற்கெனவே எச்சரிக்கை மணிகளுக்கு நடுவில்தான் வேலை செய்கிறார்கள். மருந்து எழுதும் மென்பொருள்கள் தரும் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை தள்ளிவிடப்படுகின்றன என்று 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மால்ஃபங்ஷன் 54ஐப் பார்த்துப் பட்டனை அழுத்தியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரை வைத்துச் சோதித்தார்கள் என்ற கேள்வியும் உண்டு. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜனைச் சொல்லும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1970களில் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி உருவாக்கினார். மயக்க மருந்துத் துறை அதை விரைவாக ஏற்றுக்கொண்டது, அதனால் பல உயிர்கள் பிழைத்தன. 2020இல் ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதை அந்தக் கருவி கவனிக்காமல் விடும் வாய்ப்பு வெள்ளையர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு என்று காட்டியது. ஒளியை வைத்து அளக்கும் கருவிக்குத் தோலின் நிறம் குறுக்கே வருகிறது. வேலை செய்கிறது என்று எல்லோரும் நம்பிய கருவி, எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்று தெரிய இத்தனை காலம் ஆனது.

கடைசியாகப் பேஜர். 2019இல் இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பில் சுமார் 1,30,000 பேஜர்கள் இருந்தன. உலகில் மிச்சமிருந்த பேஜர்களில் பத்தில் ஒரு பங்கு அங்கேதான். 2021 முடிவதற்குள் அவற்றை ஒழித்துவிட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. செல்பேசியில் செய்தியும் படமும் அனுப்ப முடிகிற காலத்தில், ஓர் எண்ணை மட்டும் காட்டும் பெட்டி எதற்கு என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெட்டியின் பேட்டரி வாரக்கணக்கில் நிற்கும். செல்பேசிச் சிக்னல் நுழையாத தடித்த சுவர்களுக்குள்ளும் அடித்தளத்திலும் அது பெரும்பாலும் ஒலித்துவிடும். உத்தரவு போட்டவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. அதே உத்தரவில், வைஃபை போன்றவை செயலிழக்கும் அவசரங்களுக்காக மருத்துவமனைகள் சில பேஜர்களை வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.